எந்த எண்ணெயில், எத்தனை நாள்

ஒரு பை இரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் வரை இரும்பு இருக்கிறது. சாப்பாட்டிலிருந்து உடம்பு நாளொன்றுக்கு உறிஞ்சுவது ஒன்றிரண்டு மில்லிகிராம், இழப்பதும் அவ்வளவுதான். அதற்கு மேல் உள்ளே வந்துவிட்ட இரும்பை வெளியே தள்ள உடம்புக்கு வழி கிடையாது. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றி வளர்க்கப்படும் தலசீமியாப் பிள்ளையிடம் அது வருடக்கணக்கில் சேர்கிறது. ஈரலில் சேரும், இதயத்தில் சேரும், மூளைக்கு அடியில் பயறளவே உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியிலும் சேரும். அந்தச் சுரப்பியில் விந்தகங்களுக்குக் கட்டளை அனுப்பும் கலங்கள் இரும்பைத் தாங்கமாட்டாதவை; சீக்கிரமே ஓய்ந்துபோகின்றன. பையனுக்குப் பதினான்கு, பதினைந்து வயதாகியும் குரல் உடையாது, மீசை அரும்பாது, வகுப்பில் மற்றவர்கள் மளமளவென்று வளரும்போது இவன் மட்டும் முன்வரிசையிலேயே நிற்பான். விந்தகங்களில் பெரும்பாலும் கோளாறு இருக்காது. கட்டளை வராததால் அவை டெஸ்டோஸ்டெரோனைச் சுரப்பதில்லை.

பதுளைக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. குருநாகல், அநுராதபுரம் ஆகியவற்றோடு பதுளை வைத்தியசாலையும் இலங்கையின் முக்கியமான தலசீமியாச் சிகிச்சை நிலையங்களில் ஒன்று. ஆக்ஸ்போர்டின் டேவிட் வெதரால் இலங்கை வைத்தியர்களுடன் சேர்ந்து நடத்திய ஆய்வுகள் 2000ஆம் ஆண்டில் லான்செட் இதழில் வெளிவந்தபோதுதான், நாட்டில் ஏறக்குறைய நூற்றுக்கு இருவர் பீட்டா தலசீமியா மரபணுவைச் சுமக்கிறார்கள் என்பது வெளியுலகுக்குத் தெரிந்தது. 2006இல் ஊவா மாகாணத்துக்கென்றே, தலசீமியாச் சிகிச்சை பற்றியும் தடுப்பு பற்றியும் பொதுமக்களின் கருத்தைக் கேட்ட ஓர் ஆய்வும் வெளியாகியிருக்கிறது. இந்த மரபணு இங்கே பரவியிருப்பதற்குக் காரணம் பழையது. மலைக்குக் கீழே மஹியங்கனை, பிபிலை, மொணராகலைப் பக்கமெல்லாம் மலேரியா ஆண்ட நிலம். ஒரு பிரதி மட்டும் இருந்தால் மலேரியாவுக்கு எதிராக ஓரளவு காப்பாற்றும் மரபணு இது. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டும் சேர்ந்தால் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க இரத்தம் தேவைப்படும். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. மலேரியா போய்விட்டது, மரபணு போகவில்லை.

இந்தப் பிள்ளைகள் இன்று வளர்ந்து பெரியவர்களாகிறார்கள். இரும்பை வெளியேற்றும் டெஸ்ஃபெரல் மருந்தை இரவு முழுக்கத் தோலுக்கடியில் சிறு பம்பால் செலுத்திய காலம் போய், டெஃபராசிரொக்ஸ் போன்ற வில்லைகள் வந்தபிறகு ஆயுள் நீண்டிருக்கிறது. ஆயுள் நீண்டதால்தான் ஹோர்மோன் பிரச்சினையே பெரிதாகத் தெரிகிறது. இரத்தம் ஏற்றும் தலசீமியாக்காரர்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் ஹோர்மோன் கோளாறு இதுதான். டெஸ்டோஸ்டெரோன் இல்லாத இளைஞனுக்குத் தாடியும் குரலும் மட்டும் பிரச்சினையல்ல. எலும்பு தேய்கிறது, முப்பது வயதிலேயே முதுகெலும்பு நொறுங்குகிறவர்கள் உண்டு. ஆகவே வெளியிலிருந்து ஊசியாகக் கொடுக்கிறார்கள். இதே ஊசி வேறு பலருக்கும் உரியது: பிறப்பிலேயே ஒரு எக்ஸ் நிறமூர்த்தம் கூடுதலாக உள்ள கிளைன்ஃபெல்டர் ஆண்கள், புற்றுநோய்க்காகவோ விபத்திலோ இரு விந்தகங்களையும் இழந்தவர்கள், திருநம்பிகள். திருநம்பிகளுக்கு இலங்கையில் 2016ஆம் ஆண்டு சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை ஒரு பாதையைத் திறந்தது. மனநல வைத்தியர் வழங்கும் பாலின அங்கீகாரச் சான்றிதழும் சிகிச்சையும் முறைப்படி கிடைக்க அது வழிசெய்தது.

ஊசி ஒன்றல்ல, பல. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறவேண்டி வருகிறது. சிறுவர் வார்டிலிருந்து பெரியவர்கள் கிளினிக்குக்குப் போகும்போது, ஊர் மாறும்போது, பக்கவிளைவு வரும்போது, 2022இல் டொலர் இல்லாமல் நாடு தவித்ததே அப்படியான நேரத்தில் வழக்கமான மருந்து இல்லாமல் போகும்போது. மாறுகிறவர் குப்பியில் முதலில் பார்ப்பது எண்ணைத்தான். ஒன்றில் 250 மில்லிகிராம், மற்றதில் 1000 மில்லிகிராம். நாலு மடங்கு மருந்தா என்று பயப்படுவது இயல்பு. இரண்டிலும் ஒரு நாளைக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒரே அளவு. அது எப்படி என்பதற்கு டெஸ்டோஸ்டெரோனுக்கும் தண்ணீருக்கும் உள்ள பகையிலிருந்து தொடங்கவேண்டும்.

1889இல், மொரீசியஸில் பிறந்த பிரெஞ்சு உடலியலாளர் பிரவுன்-செக்வார்ட், 72 வயதில், நாயின் விந்தகத்தையும் கினிப்பன்றியின் விந்தகத்தையும் அரைத்து நீரில் வடித்துத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டார். இளமை திரும்பிவிட்டது என்று பாரிஸில் அறிவித்தார். ஐரோப்பாவெங்கும் பரபரப்பு. ஆனால் டெஸ்டோஸ்டெரோன் கொலஸ்டெரோலின் வழிவந்த பொருள். தண்ணீரில் கரையவே கரையாது. அவருடைய வடிநீரில் அது இருந்ததென்றால் பெயருக்குத்தான் இருந்திருக்கும். கிழவர் உணர்ந்த தெம்பு நம்பிக்கையின் தெம்பு. 1935இல்தான் ஆம்ஸ்டர்டாமில் ஏர்ன்ஸ்ட் லாக்கூரின் குழு காளை விந்தகங்களிலிருந்து தூய டெஸ்டோஸ்டெரோனைப் பிரித்தது. 100 கிலோவுக்குப் பத்து மில்லிகிராம் தேறியது. அதே ஆண்டு புட்டெனான்ட்டும் ருசிக்காவும் தனித்தனியே அதை ஆய்வுகூடத்தில் செய்து காட்டினார்கள். 1939 நொபெல் பரிசு இருவருக்கும் சேர்த்துக் கிடைத்தது.

கையில் தூய பொருள் கிடைத்ததும் அடுத்த சிக்கல். வாயால் விழுங்கினால் குடலிலிருந்து நேரே ஈரலுக்குப் போகிறது, ஈரல் அதை அங்கேயே சிதைத்துவிடுகிறது. அப்படியே ஊசியாகப் போட்டால் சீக்கிரமே இரத்தத்திலிருந்து மறைகிறது. நாளுக்கு எத்தனை ஊசிதான் போடமுடியும்? வேதியியலாளர்கள் கண்ட வழி, மூலக்கூறின் 17ஆம் காபனில் உள்ள ஐதரொக்சைல் கூட்டத்தில் ஒரு அமிலத்தைக் கோப்பது. அப்படிக் கோத்த பொருளுக்கு எஸ்டர் என்று பெயர். கோக்கும் அமிலத்தில் காபன் சங்கிலி நீள நீள, எஸ்டருக்கு எண்ணெய்மீது ஆசை கூடும், தண்ணீர்மீது வெறுப்பு கூடும். எண்ணெயில் கரைத்துப் பிட்டத் தசையில் போட்டால் அங்கே ஒரு சிறு எண்ணெய்க் குட்டை நிற்கும். அதிலிருந்து எஸ்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வெளியேறும். வெளியே வந்தவுடன் உடம்பின் நொதியங்கள் கோத்த அமிலத்தை வெட்டி எறிகின்றன. மிச்சமாவது நம் விந்தகம் சுரக்கும் அதே டெஸ்டோஸ்டெரோன்தான், அணுவளவும் வித்தியாசமில்லை. இரத்தத்தில் நடப்பது எல்லாம் விரைவு. தாமதமெல்லாம் எண்ணெயில்தான்.

மூன்று காபன் உள்ள புரோப்பியனேட் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். ஏழு காபன் உள்ள எனந்தேட்டின் அரைவாழ்வு நாலரை நாளளவு என்பார்கள். இரண்டு அல்லது மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. எட்டுக் காபன் உள்ள சிப்பியனேட் ஏறத்தாழ அதன் கூடப்பிறந்தது. அமெரிக்காவில் அதுதான் பெரும் புழக்கம், மற்ற நாடுகளில் குறைவு. பதினொரு காபன் உள்ள அன்டெக்கனோவேட், நெபிடோ என்ற பெயரில் ஐரோப்பாவில் 2004 வாக்கில் வந்தது. 10 முதல் 14 வாரத்துக்கு ஒரு ஊசி. இவற்றுக்கிடையே சஸ்டனோன் 250 என்ற கலவை ஒன்று பல காலமாக இருக்கிறது. புரோப்பியனேட் 30, ஃபீனைல்புரோப்பியனேட் 60, ஐசோக்கப்ரோவேட் 60, டெக்கனோவேட் 100 மில்லிகிராம் என்று நாலு எஸ்டர் ஒரே குப்பியில். வேகமானது முதலில் வேலை செய்யும், மெதுவானது பின்னால் தாங்கும், அளவு சமமாக இருக்கும் என்ற எண்ணம். படித்தால் அழகான எண்ணம். உடம்பில் அப்படி நடப்பதில்லை. ஓரிரு நாளில் அளவு லீற்றருக்கு 70 நனோமோல் வரை எகிறுகிறது; ஆரோக்கியமான ஆணுக்கு 10 முதல் 30 வரை இருந்தாலே போதும். மூன்று வாரத்தில் கீழ் எல்லைக்கு வந்துவிடுகிறது. வாங்குகிறவர்களுக்கு இது தெரியும்: முதல் வாரம் சுறுசுறுப்பு, சிலருக்கு எரிச்சல், கோபம், கடைசி வாரம் சோர்வு. வீட்டில் உள்ளவர்களும் நாட்காட்டியைப் பார்க்காமலே ஊசி நாள் நெருங்குவதைச் சொல்லிவிடுவார்கள்.

எண்ணெய்களின் பட்டியல் நம் அடுப்படியிலிருந்து எடுத்தது போலிருக்கும். சஸ்டனோன் கச்சான் எண்ணெயில் கரைத்தது. கச்சான் அல்லது சோயா ஒவ்வாதவர்களுக்கு ஆகாது. சிப்பியனேட் பருத்திக்கொட்டை எண்ணெயில். எனந்தேட் அமெரிக்காவில் நல்லெண்ணெயில், ஐரோப்பியத் தயாரிப்புகள் சிலவற்றில் ஆமணக்கெண்ணெயில். நெபிடோவும் ஆமணக்கெண்ணெய்தான், நாலு மில்லிலீற்றர், அதைக் கொஞ்சம் இளக்க பென்சைல் பென்சோவேட் சேர்த்து. சீனாவிலோ இதே அன்டெக்கனோவேட்டைத் தேயிலைக் கொட்டை எண்ணெயில் கரைத்தார்கள். தேயிலை மலையில் இருப்பவர்கள் இதைக் கேட்டால் நிமிர்ந்து உட்காரலாம், ஆனால் நம் செடி அல்ல அது. சீனர்கள் எண்ணெய் எடுப்பது பெரும்பாலும் கமேலியா ஒலெய்ஃபெரா என்ற இனத்திலிருந்து. நாம் கொழுந்து பறிப்பது கமேலியா சினென்சிஸ். நம் தோட்டங்களில் செடியைக் கவாத்து வெட்டி இடுப்பளவில் நிறுத்துவதால் காய்த்துக் கொட்டை விழுவதைக் காண்பதே அரிது.

அந்தச் சீன எண்ணெய் ஒரு முக்கியமான உண்மையை வெளிக்கொண்டுவந்தது. 1999இல் ஜெர்மனியின் பேரே குழுவினர் ஒரே எஸ்டரை இரண்டு எண்ணெயிலும் கரைத்துச் சோதித்தார்கள். தேயிலைக் கொட்டை எண்ணெயில் அரைவாழ்வு ஏறக்குறைய 21 நாள். ஆமணக்கெண்ணெயில் 34 நாள். எஸ்டர் ஒன்றே, எண்ணெய் மட்டும் வேறு. மருந்து தங்கும் காலம் ஒன்றரை மடங்குக்கு மேல். ஆகவே சீனாவில் மாதம் ஒன்று, ஐரோப்பாவில் பன்னிரண்டு வாரத்துக்கு ஒன்று. 2009இல் வெளியான சீன ஆய்வில் 1,045 ஆரோக்கியமான ஆண்களுக்கு மாதம் 500 மில்லிகிராம் வீதம் 30 மாதம் கொடுத்தார்கள். நோக்கம் வேறு, ஆண்களுக்கான கருத்தடை. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டெரோன் வந்தால் பிட்யூட்டரி தன் கட்டளையை நிறுத்திவிடும், விந்தணு உற்பத்தி அடங்கும் என்பதைப் பயன்படுத்திய முயற்சி அது. கடைசியில் இதற்குத் திரும்பி வரவேண்டியிருக்கும்.

இப்போது 250ஐயும் 1000ஐயும் எடுத்துக்கொள்வோம். குப்பியில் எழுதியிருப்பது எஸ்டரின் எடை. கோத்த அமிலத்தின் எடையும் அதில் சேர்ந்தது. வெட்டி எறிந்தபின் தேறுவதே மருந்து. எனந்தேட்டில் 72 சதவீதம் தேறும், அன்டெக்கனோவேட்டில் 63 சதவீதம்தான். சஸ்டனோன் 250இல் தேறுவது 176 மில்லிகிராம். அதை 21 நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல். நெபிடோ 1000இல் தேறுவது 631. 12 வாரம், அதாவது 84 நாளுக்குப் பங்கிட்டால் ஏழரை. ஒரு ஆணின் விந்தகம் தானாகச் சுரப்பது நாளொன்றுக்கு ஐந்து முதல் ஏழு மில்லிகிராம் அளவு. மூன்றும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வந்து நிற்கின்றன. பெரிய எண்ணுள்ள குப்பி வீரியமானது என்ற பேச்சை இந்தக் கணக்கு முடித்துவைக்கும்.

சராசரி ஒன்று என்பதால் மாற்றம் சுலபம் என்று ஆகிவிடாது. மாறும் நாளில் உடம்பில் பழைய எண்ணெய்க் குட்டை இன்னும் கிடக்கிறது. மலையில் மழை விட்டுச் சில நாளான பிறகும் பீலியில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்குமே, அப்படி. எவ்வளவு மிச்சம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆமணக்கெண்ணெய் அன்டெக்கனோவேட்டுக்கு அரைவாழ்வு 34 நாள் என்றால், ஊசி போட்டு ஆறு வாரத்தில் 40 சதவீதத்துக்குமேல் இன்னும் உள்ளே இருக்கும். பன்னிரண்டு வாரத்தில் 18 சதவீதம். ஆகவே நெபிடோவிலிருந்து குறுகியகால ஊசிக்கு மாறுகிறவர், மருந்து கைக்கு வந்துவிட்டது என்பதற்காக இடைக்காலத்தில் அதைப் போட்டுக்கொண்டால், பழையதும் புதியதும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். அடுத்த ஊசி எப்போது வரவேண்டுமோ அன்றைக்குத்தான் புதியதைத் தொடங்குவது வழக்கம்.

எதிர்த்திசையில் பிரச்சினை வேறு. எனந்தேட்டோ சஸ்டனோனோ வாங்கிக்கொண்டிருந்தவருக்கு மூன்று வாரத்தில் எல்லாம் வடிந்துவிடும். முதல் நெபிடோ ஊசி தனியாக நின்று உடம்பை நிரப்பப் போதாது. அதனால்தான் இரண்டாம் ஊசியைப் பன்னிரண்டு வாரம் காத்திராமல் ஆறு வாரத்திலேயே போடலாம் என்று விதி வைத்திருக்கிறார்கள். நிலையான அளவை எட்ட ஐந்து அரைவாழ்வுக் காலம் வேண்டும் என்பது மருந்தியலின் பொதுக்கணக்கு. எனந்தேட்டுக்கு அது மூன்று வாரம். நெபிடோவுக்கு 170 நாள், கிட்டத்தட்ட ஆறு மாதம். முதல் ஊசி போட்ட இரண்டாம் மாதத்தில் 'இது எனக்குச் சரிவரவில்லை' என்று முடிவுகட்டுகிறவர், மருந்து இன்னும் வேலையை முழுதாகத் தொடங்கும் முன்னே அதை நிராகரிக்கிறார். இந்த ஆறு மாதப் பொறுமையைப் பற்றி மாறும் நாளிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டால் பாதித் தகராறு வராது என்பது என் எண்ணம்.

இரத்தப் பரிசோதனை நாளும் ஊசியோடு சேர்ந்து மாறவேண்டும். எனந்தேட், சிப்பியனேட் வாங்குகிறவர்களுக்கு இரண்டு ஊசிக்கு நடுவில் இரத்தம் எடுத்தால் நியாயமான படம் கிடைக்கும். அன்டெக்கனோவேட் என்றால் அடுத்த ஊசிக்குச் சற்று முன், அளவு மிகத் தாழ்ந்திருக்கும் நாளில் எடுக்கவேண்டும். சஸ்டனோன் போட்ட மூன்றாம் நாள் எடுத்தால் வானத்தில் இருக்கும், இருபதாம் நாள் எடுத்தால் பள்ளத்தில் இருக்கும். இரண்டுமே ஒரே ஆள், ஒரே மருந்து. திகதி எழுதாத அறிக்கையைப் பார்த்து மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் குருட்டாட்டம். இதனால்தான் கிளினிக் கொப்பியில் கடைசி ஊசியின் திகதி இருக்கவேண்டும் என்கிறார்கள்.

எழுதவேண்டியது இன்னொன்றும் உண்டு. மருந்தை வணிகப் பெயரில் அல்ல, பொதுப்பெயரில் எழுது, பொதுப்பெயரில் வாங்கு என்று உலகுக்கே வழிகாட்டியவர் பேராசிரியர் சேனக பிபிலை. 1971இல் உருவான அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தின் மூளை அவர். ஏழை நாடு மருந்தைக் குறைந்த விலைக்கு வாங்கமுடிந்ததென்றால் அந்தக் கொள்கைக்குக் கடமைப்பட்டிருக்கிறோம். எண்ணெய் ஊசிகளில் மட்டும் அந்தக் கொள்கையை நுணுக்கமாகக் கையாளவேண்டும். 'டெஸ்டோஸ்டெரோன் ஊசி' என்று மட்டும் எழுதினால் மூன்று நாள் மருந்தையும் மூன்று மாத மருந்தையும் அது ஒன்றாக்கிவிடும். பொதுப்பெயரிலேயே எஸ்டரின் பெயரும் அடங்கியிருக்கிறது; அதை விட்டு எழுதுவதுதான் பிழை. எண்ணெயின் பெயரையும் சேர்த்து எழுதினால் கச்சான் ஒவ்வாதவர் தப்புவார்.

இரத்தம் தடிப்பதையும் கவனிக்கவேண்டும். டெஸ்டோஸ்டெரோன் செங்குருதிக்கல உற்பத்தியைத் தூண்டும். இரத்தத்தில் அந்தக் கலங்களின் பங்கு, அதாவது ஹெமட்டோக்ரிட், 54 சதவீதத்தைத் தாண்டினால் ஊசியை நிறுத்திவைத்துக் காரணம் தேடுகிறார்கள். எகிறி விழும் குறுகியகால ஊசிகளில் இந்த ஆபத்து கூடுதல். நீண்டகால ஊசிக்கு மாறுவதற்கு இதுவும் ஒரு காரணமாகிறது. தலசீமியாக்காரர்களுக்கு இந்தக் கவலை அநேகமாக இல்லை. அவர்களுடைய சிக்கலே இரத்தம் போதாமை. திருநம்பிகளுக்கு வேறொரு குழப்பம் வரும். ஆய்வுகூடம் பெண்ணுக்குரிய எல்லையை வைத்து அறிக்கை அச்சிட்டால், ஆணுக்குச் சாதாரணமான அளவு சிவப்பு எழுத்தில் வந்து நிற்கும். மலையில் வாழ்வதும் இரத்தம் தடிக்கக் காரணமாகலாமே என்று தோன்றலாம். ஹப்புத்தளை 1,400 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. அந்த உயரம் அந்தீஸ் மலை போல இரத்தத்தைத் தடிக்கவைக்கும் உயரமல்ல, ஆகவே அறிக்கை ஏறினால் மலைமேல் பழிபோட முடியாது.

எந்த ஊசி நல்லது என்று கேட்டால் நான் வேதியியலை மட்டும் வைத்துப் பதில் சொல்லமாட்டேன். சிறுவயதில் தொடங்கும்போது தெரிவே இல்லை. மாதம் 25 அல்லது 50 மில்லிகிராம் என்ற அளவில் குறுகியகால எஸ்டரைக் கொடுத்து, இரண்டு மூன்று வருடத்தில் படிப்படியாக ஏற்றுகிறார்கள். எடுத்த எடுப்பில் முழு அளவு கொடுத்தால் எலும்பின் வளர்முனைகள் மூடிக்கொண்டு உயரம் நின்றுவிடும். நெபிடோ 18 வயதுக்குக் கீழே சோதிக்கப்படவில்லை. பெரியவர் ஆனபின்தான் கேள்வி. மடுல்சீமையிலோ லுணுகலையிலோ ஒரு தோட்டத்து இளைஞன் பதுளைக்கு வரவேண்டும் என்றால் ஒரு நாள் பேர் போகும், அந்த நாள் சம்பளம் போகும், பஸ் காசு போகும். வருடத்துக்குப் பதினேழு ஊசிக்குப் பதில் நாலைந்து ஊசி என்பது அவனுக்குப் பெரிய ஆறுதல் என்று யாரும் சொல்வார்கள். ஆனால் அவன் தலசீமியாக்காரன் என்றால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற எப்படியும் வரத்தான் வேண்டும். வந்த அன்றே சஸ்டனோனும் போட்டுக்கொண்டால் தனிப்பயணம் இல்லை, தவறவிடவும் மாட்டான். அவனுக்கு நெபிடோவின் பெரிய கவர்ச்சியே அற்றுப்போகிறது. மனநிலை ஏற்றஇறக்கம் தாங்கமுடியவில்லை என்றால் மட்டும் மாறுவதில் பொருளுண்டு. அதே லயத்தில் வசிக்கும் கிளைன்ஃபெல்டர் ஆணுக்கோ திருநம்பிக்கோ கணக்கு நேர்மாறு.

நெபிடோவைத் தோட்ட டிஸ்பென்சரியில் போட்டுவிட்டுப் போகவும் முடியாது. நாலு மில்லிலீற்றர் கெட்டி எண்ணெயை ஆழமான தசையில் இரண்டு நிமிடம் எடுத்து மெதுவாக இறக்கவேண்டும். அரிதாகச் சிலருக்கு எண்ணெய்த் துளிகள் நுரையீரலுக்குப் போய்த் திடீர் இருமலும் மூச்சுமுட்டலும் வரும். பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அமெரிக்காவில் இதற்கு 2014இல் அனுமதி கொடுத்தபோது, ஊசிக்குப்பின் 30 நிமிடம் அங்கேயே உட்காரவேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க அவசரப்படுகிறவர் முதலில் வெட்டுவது அந்த அரை மணிநேரத்தைத்தான். எனந்தேட்டை வாரம் ஒருமுறை சிறு அளவில், தொடையிலோ வயிற்றிலோ தோலுக்கடியில் தானே போட்டுக்கொள்ளும் முறையும் வந்திருக்கிறது. 2018இல் அமெரிக்கா இதற்கென்று ஒரு பேனா ஊசியை அனுமதித்தது. அளவைச் சமமாக வைப்பதில் அதுதான் மூன்றிலும் சிறந்தது என்பேன். அதற்கு வீட்டில் ஊசி, சுத்தம், பாவித்த ஊசியைப் போட ஒரு பாத்திரம், எட்டிப்பார்க்காத அயலார் எல்லாம் வேண்டும். லயத்தின் பத்தடி அறையில் ஆறு பேர் இருக்கும்போது கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம்.

மாறும்போது இடைவெளி விழுந்தால் உடம்பு ஆளுக்கொரு விதமாகக் காட்டிக்கொடுக்கும். தலசீமியா இளைஞனுக்குச் சோர்வு, எலும்புவலி. திருநம்பிக்கு நின்றுபோன மாதவிடாய் திரும்பிவிடலாம். குரல் மட்டும் ஒருமுறை உடைந்தால் உடைந்ததுதான், திரும்பாது. மாதவிடாய் நின்றிருப்பதை வைத்து அந்த ஊசி கருத்தடை என்று நினைப்பதும் ஆபத்து. எஸ்டர் எதுவானாலும் கரு தங்க வாய்ப்பிருக்கிறது.

ஆணுக்குக் குழந்தை வேண்டும் என்ற நாள் வந்தால் மாறுவது இன்னொரு எஸ்டருக்கு அல்ல. வெளியிலிருந்து வரும் டெஸ்டோஸ்டெரோன் விந்தணுவை உண்டாக்காது; இரத்தத்தில் எவ்வளவு இருந்தாலும் விந்தகத்துக்குள்ளே அது பலமடங்கு செறிவாகச் சுரந்தால்தான் விந்தணு முதிரும். தலசீமியாக்காரனிடம் விந்தகம் பெரும்பாலும் கட்டளைக்குக் காத்துத்தான் கிடக்கிறது. அந்தக் கட்டளையை ஊசியாகக் கொடுக்கிறார்கள், முதலில் ஹெச்.சி.ஜி., தேவைப்பட்டால் எஃப்.எஸ்.ஹெச்.சும் சேர்த்து. இவை புரதங்கள், எண்ணெய் வேண்டாம், தண்ணீரில் கரையும், அதனாலேயே சீக்கிரம் வடியும். பன்னிரண்டு வாரத்துக்கு ஒன்று என்றிருந்தவர் வாரத்துக்கு இரண்டு மூன்று ஊசிக்கு வந்துவிடுகிறார், அதுவும் மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேல். தூளைக் கரைத்தபின் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவேண்டியிருக்கும். தொடங்குமுன் யார் போடுவது, எங்கே வைப்பது என்பதைத் தோட்ட டிஸ்பென்சரியோடு பேசி முடித்துவிடுவது நல்லது.